தாத்தா பார்த்த முதல் நாள், அப்பத்தா பார்த்த அறுபதாவது நாள்

எங்கள் வீட்டில் தீபாவளி என்றால் மூன்று விஷயங்கள் கட்டாயம். விடிவதற்கு முன்னால் எண்ணெய்க் குளியல், இட்லியோடு கறிக்குழம்பு, தாத்தாவின் தங்கம் தியேட்டர் கதை. முதல் இரண்டில் ஏதாவது ஒன்று தவறினாலும் தவறும். மூன்றாவது மட்டும் தவறவே தவறாது.

கதை இதுதான். 1952 அக்டோபர் 17, தீபாவளி. மதுரை மேலப்பெருமாள் மேஸ்திரி வீதியில் புத்தம் புதிதாய்க் கட்டிய தங்கம் தியேட்டர். முதல் படம் பராசக்தி. தாத்தாவுக்கு அப்போது 14 வயது. புதுச் சட்டையோடு வீட்டுக்குத் தெரியாமல் கூட்டாளிகளோடு போய் வரிசையில் நின்று, சட்டைப் பொத்தான் அறுந்து, ஒற்றைச் செருப்போடு உள்ளே போய் விழுந்தாராம். டிக்கெட் விலை மட்டும் ஒவ்வொரு வருஷமும் மாறும். ஒரு தீபாவளிக்கு நாலணா, அடுத்த தீபாவளிக்கு ஆறணா. பணவீக்கம் அவர் ஞாபகத்தையும் விட்டுவைக்கவில்லை :-)

தங்கம் தியேட்டரைப் பற்றித் தெரியாத வகுப்புத் தோழர்களுக்கு (சென்னைக்காரர்களே, உங்களைத்தான்) ஒரு சின்ன விளக்கம். 2,563 இருக்கைகள். சுமார் 52,000 சதுர அடி. ஆசியாவிலேயே பெரிய தியேட்டர் என்று மதுரைக்காரர்கள் இன்றைக்கும் மார்தட்டிக்கொள்வார்கள். நாம் மாலில் போய்ப் பார்க்கிற ஒரு திரைக்கு முன்னால் 200, 300 பேர் உட்காரலாம். அந்த மாதிரி பத்துத் திரைகளின் கூட்டம் ஒரே கூரைக்குக் கீழே ஒரே நேரத்தில் கைதட்டுவதை நினைத்துப் பாருங்கள். எனக்கு நினைத்தாலே புல்லரிக்கிறது. நான் அந்தத் தியேட்டருக்குள் நுழைந்ததே இல்லை. அது இப்போது இல்லை. அந்த இடத்தில் பெரிய ஜவுளிக்கடை நிற்கிறது.

சரி, இது தாத்தாவின் பழங்கதைதானே, இதில் சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களா? இருக்கிறது. போன தீபாவளிக்கு நான் இரண்டு கேள்வி கேட்டேன். அதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

முதல் கேள்வி தாத்தாவிடம். வழக்கம்போல "சிவாஜியப் பாக்கத்தான் அம்புட்டுக் கூட்டம்" என்றார். நான் சும்மா இருக்காமல், "தாத்தா, பராசக்திதானே சிவாஜிக்கு முதல் படம்? அன்னிக்குக் காலையில அவரை சினிமாவுல யாருக்குத் தெரியும்?" என்றேன். மனுஷன் ஒரு நிமிஷம் திகைத்துவிட்டார். நாடகம் பார்க்கிறவர்களுக்கு வி.சி. கணேசனைத் தெரிந்திருக்கும். கருணாநிதி வசனம் என்பதற்காக ஒரு கூட்டம் வந்திருக்கும். தீபாவளிக் கூட்டம் தனி. ஆனால் சிவாஜிக்காக முதல் காட்சிக்கு மதுரையே திரண்டது என்பது பின்னால் ஒட்டிக்கொண்ட ஞாபகமாகத்தான் இருக்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்து அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்: "நெசத்தச் சொல்லணும்னா நாங்க கட்டடத்தப் பாக்கத்தான் போனோம்த்தா. அம்மாம்பெரிய தியேட்டர நாங்க எங்க பாத்தோம்?"

எனக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்தது. நடிகர் யாரென்றே தெரியாமல், ஒரு கட்டடத்துக்குள் நுழைகிற ஆசையிலேயே ஒரு பையன் செருப்பைத் தொலைத்திருக்கிறான்.

இரண்டாவது கேள்வி அப்பத்தாவிடம். அடுப்படியில் இருந்தது. "அப்பத்தா, நீ பராசக்தி எப்பப் பாத்த?"

இத்தனை வருஷத்தில் இந்தக் கேள்வியை வீட்டில் யாருமே கேட்டதில்லை. நான் உட்பட. தாத்தா கதை சொல்லும்போது அப்பத்தா வடை சுடும், இல்லையென்றால் பாத்திரம் விளக்கும். அதற்கும் ஒரு பராசக்தி இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவேயில்லை.

அப்பத்தாவுக்கு ஊர் திருமங்கலம் பக்கம். படம் வந்தபோது 10 வயது. "கார்த்திக கழிஞ்சு போனோம்" என்றது. அப்படியென்றால் படம் வந்து கிட்டத்தட்ட 60 நாள் ஆகியிருக்கும். தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து, பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ரயிலில் மதுரைக்கு வந்து, மத்தியான ஆட்டம். ராத்திரி ஆட்டத்துக்கு வீட்டில் விடமாட்டார்கள். இருட்டுவதற்குள் ஊர் திரும்ப வேண்டும். கூடவே காவலுக்கு ஒரு பெரியப்பா.

"படம் புடிச்சுச்சா?"

"எங்கத்தா பாத்தேன்? பாதியில தம்பிப்பய அழ ஆரம்பிச்சுட்டான். எங்காத்தா கல்யாணிக்காக அழுதுகிட்டு இருக்கு, அதுக்கு எந்திரிக்க மனசில்ல. 'நீ தூக்கிட்டு வெளிய போ'ன்னுருச்சு. நான் அவன இடுப்புல வச்சுக்கிட்டு வெளிய நின்னேன். உள்ள கைதட்டுறது மட்டும் கேட்டுச்சு. அது கோர்ட்டு சீனுன்னு ரொம்ப வருசம் கழிச்சு டிவியில போட்டப்பத்தான் தெரிஞ்சுச்சு."

தமிழ் சினிமாவிலேயே அதிகம் பேசப்பட்ட காட்சி அது. மேடை மேடையாக ஒப்பித்த வசனம். என் அப்பத்தா அந்தக் காட்சி ஓடுகிற கட்டடத்துக்குள் டிக்கெட் வாங்கிப் போய், கதவுக்கு வெளியே தம்பியைச் சுமந்துகொண்டு நின்றிருக்கிறது.

இதில் இன்னொரு விஷயமும் உறுத்துகிறது. பராசக்தி யாருடைய கதை? ரங்கூனில் இருக்கிற மூன்று அண்ணன்களுக்கு மதுரையில் ஒரு தங்கை, கல்யாணி. புருஷனும் அப்பாவும் செத்துப்போய், கைக்குழந்தையோடு இட்லிக் கடை போட்டுப் பிழைக்கப் பார்க்கிறாள். கடைக்கு வருகிறவன், வேலை கொடுக்கிறவன், கடைசியில் கோயில் பூசாரி என்று ஒருவர் மாற்றி ஒருவர் துரத்துகிறார்கள். தனியாக ஒரு பெண் தெருவில் நிற்க முடியாத மதுரையைப் பற்றிய படம் அது. அந்தப் படத்தின் முதல் காட்சிக்கு, அதே மதுரையில், தாத்தாவின் ஞாபகத்தில் ஒரு பெண்கூட இல்லை. கேட்டேன். "பொம்பளையா? அந்தக் கூட்டத்துலயா?" என்று சிரித்தார்.

நான் சொல்ல வருவது இதுதான். பழைய தியேட்டர்களைப் பற்றி, முதல் நாள் முதல் காட்சியைப் பற்றி நாம் படிக்கிற, கேட்கிற ஞாபகங்கள் பெரும்பாலும் ஆம்பளைகளின் ஞாபகங்கள். "ஊரே திரண்டது" என்று எழுதுவார்கள். ஊரில் பாதி திரளவில்லை. அந்தப் பாதி அறுபதாவது நாள், மத்தியான ஆட்டத்துக்கு, இடுப்பில் பிள்ளையோடு வந்தது. அவர்களுடைய ஞாபகத்தை யாரும் கேட்கவில்லை, அவர்களும் அதை ஒரு பெருமையாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

இது எனக்கு மட்டும் தோன்றியதா என்று நூலகத்தில் தேடினேன். சாரா டிக்கி என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1980களில் மதுரையில் தங்கி, ஏழை மக்களும் சினிமாவும் என்று ஆராய்ச்சி செய்து 1993ல் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். ரசிகர் மன்றங்களில் இருப்பது பெரும்பாலும் இளவயது ஆண்கள் என்பது அதிலும் வருகிறது. தோரணம் கட்டுவது, கட்அவுட் வைப்பது, சூடம் காட்டுவது, முதல் காட்சி டிக்கெட்டைக் கையில் வைத்திருப்பது எல்லாம் மன்றத்து வேலை. அப்படியென்றால் முதல் நாள் என்பதே மன்றத்து நாள், ஆம்பளைகள் நாள். படம் பெண்களுக்குப் பிடிக்காமல் இல்லை. முதல் நாள் என்ற அந்த ஏற்பாட்டில் அவர்களுக்கு இடம் இல்லை, அவ்வளவுதான்.

"அதெல்லாம் அந்தக் காலம்" என்று சொல்லப் போகிறவர்களுக்காக என் கதை.

பள்ளியில் படிக்கும்போது அண்ணன் விடியற்காலை 4 மணிக் காட்சிக்குப் போவான். நான் கேட்டால் "மூணாவது நாள் குடும்பத்தோட போலாம்" என்பார்கள். அதற்குள் கதை முழுக்க அண்ணன் வாயால் கேட்டாகிவிடும். கல்லூரிக்கு வந்தபிறகு, இரண்டாம் வருஷத்தில், நாங்கள் நான்கு பேர் துணிந்து ஒரு முதல் நாள் காட்சிக்குப் போனோம். எந்தப் படம், எந்தத் தியேட்டர் என்று சொல்லப் போவதில்லை. பெரிய பழைய தியேட்டர், பால்கனி, தூண், படிக்கட்டு எல்லாம் உண்டு. தாத்தாவின் தங்கம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று வாயைப் பிளந்துகொண்டுதான் போனேன்.

கேட்டில் பாதியை மட்டும் திறந்தார்கள். பின்னால் இருந்து மொத்தக் கூட்டமும் தள்ளியது. அந்த நெரிசலில் யாருடையது என்றே தெரியாத கைகள். அதற்கு மேல் எழுத விருப்பமில்லை, பெண் பிள்ளைகளுக்குப் புரியும். உள்ளே போய் உட்கார்ந்தபிறகு முதல் இருபது நிமிஷம் திரையில் என்ன ஓடியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஹீரோ அறிமுகக் காட்சி வந்தபோது அந்த விசில், அந்தக் காகிதப் பூ, கூரை அதிர்கிற சத்தம்... நானும் எழுந்து கத்தினேன். நன்றாகத்தான் இருந்தது. தாத்தா ஏன் அறுபது எழுபது வருஷமாக அதையே பேசுகிறார் என்று அப்போது புரிந்தது.

இடைவேளையில் பெண்கள் கழிப்பறைக்குப் போனோம். பூட்டியிருந்தது. சாவி கேட்டால் அங்கே வேலை பார்க்கிற அண்ணன் ரொம்ப சாதாரணமாகச் சொன்னார்: "இன்னிக்கு லேடீஸ் வரமாட்டாங்கன்னு தொறக்கலம்மா."

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. சாவி தேடிக் கொண்டுவந்து திறந்தும் விட்டார். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை என்னால் மறக்க முடியவில்லை. பெண்கள் வரமாட்டார்கள், அதனால் பூட்டு. பூட்டியிருக்கிறது, அதனால் பெண்கள் வரமாட்டார்கள். இந்தப் பூட்டு எத்தனை வருஷமாகத் தொங்குகிறதோ!

வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு நண்பன் கேட்டான்: "அவ்வளவு கஷ்டம்னா மல்டிபிளக்ஸ்ல பாக்க வேண்டியதுதானே?" நியாயமான கேள்விதான். மல்டிபிளக்ஸில் எண் போட்ட இருக்கை உண்டு, கேமரா உண்டு, கழிப்பறை பளபளவென்று இருக்கும். நானும் போகிறேன். ஆனால் அங்கே ஒரு பாப்கார்ன் விலையில் என் ஹாஸ்டல் தோழி இரண்டு நாள் சாப்பிடுவாள். அதைவிட, அங்கே கூரை அதிராது. பாதுகாப்பு வேண்டுமென்றால் சந்தோஷத்தை விட்டுவிடு, சந்தோஷம் வேண்டுமென்றால் கைகளைப் பொறுத்துக்கொள் என்பது என்ன கணக்கு? பையன்களுக்கு இந்தக் கணக்கே கிடையாதே.

இது வெறும் மனவருத்தத்தோடு முடிகிற விஷயமும் அல்ல. 2023 ஜனவரி 11. துணிவு, வாரிசு இரண்டும் ஒரே நாளில் வந்தன. சென்னையில் ஒரு தியேட்டருக்கு முன்னால் லாரி மேல் ஏறி ஆடிய ஒரு ரசிகர் கீழே விழுந்து இறந்துபோனார். நம் வயதுப் பையன். அதற்குப் பிறகுதான் விடியற்காலைக் காட்சிகளுக்கு அரசு கெடுபிடி செய்தது. அந்த அக்டோபரில் லியோ வந்தபோது முதல் காட்சியே காலை 9 மணிக்குத்தான்.

2024 டிசம்பர் 4 இரவு. ஹைதராபாத் சந்தியா தியேட்டரில் புஷ்பா 2 படத்தின் சிறப்புக் காட்சி. நடிகரும் நேரில் வந்தார். கூட்டம் முண்டியடித்ததில், குடும்பத்தோடு படம் பார்க்க வந்த 35 வயதுப் பெண் ஒருவர் நசுங்கி இறந்தார். அவருடைய சின்ன மகன் உயிருக்குப் போராடி மாதக்கணக்கில் ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

செய்தி வந்த அன்று என்னைச் சுற்றி நான் கேட்ட பேச்சு என்ன தெரியுமா? "பொம்பள, பிள்ளையத் தூக்கிட்டு அந்தக் கூட்டத்துக்கு ஏன் போகணும்?" தாத்தா சிரித்துக்கொண்டே கேட்ட அதே கேள்விதான். 70 வருஷம் கழிந்தும் கேள்வி மாறவில்லை. கேட்டை யார் திறந்தது, எத்தனை பேரை உள்ளே விடலாம் என்று யார் கணக்குப் பார்த்தது, வழியை யார் ஒழுங்கு செய்திருக்க வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால், அவர் ஏன் அங்கே போனார் என்றுதான் வாயில் வருகிறது. ஏன் போனார்? என் தாத்தா 1952ல் எதற்குப் போனாரோ அதற்குத்தான். சந்தோஷத்துக்கு.

இப்போது அந்த ஜவுளிக்கடைக்கு வருகிறேன். தங்கம் தியேட்டர் இருந்த இடத்தில் கடை வந்துவிட்டதே என்று பழைய ஆட்கள் வருத்தப்படுவார்கள். எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் தீபாவளிக்கு முந்தின வாரம் அங்கே போய்ப் பாருங்கள். மாடி மாடியாகப் பெண்கள். பாட்டிகள், கைக்குழந்தைக்காரிகள், கூட்டம் கூட்டமாகக் கல்லூரிப் பெண்கள். ஆண்கள்தான் ஓரமாக நாற்காலியில் பையைக் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கூட்டம் குறைவா? திருவிழாக் கூட்டம். ஆனாலும் போகிறோம். ஏன்? பெண்கள் வருவார்கள் என்று நினைத்துக் கட்டிய இடம் அது. உட்கார நாற்காலி, திறந்திருக்கிற கழிப்பறை, வாசலில் வழிவிடுகிற ஆள், குழந்தை அழுதால் தூக்கிக்கொண்டு நிற்க இடம். அதே தெரு, அதே இடம், அதே மதுரைப் பெண்கள். "பெண்களுக்குக் கூட்டம் ஆகாது" என்பதெல்லாம் கதை. எங்களை எதிர்பார்க்கிற கூட்டத்துக்கு நாங்கள் வருகிறோம்.

ஆகவே, மிச்சம் இருக்கிற பெரிய தியேட்டர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. முதல் நாளும் கழிப்பறைப் பூட்டைத் திறங்கள். கேட்டை முழுசாகத் திறந்து, வரிசையைக் கம்பி கட்டி ஒழுங்கு செய்யுங்கள். எல்லா டிக்கெட்டிலும் இருக்கை எண் போடுங்கள், யாரும் இடத்துக்காக முண்டியடிக்கத் தேவையிருக்காது. எத்தனை இருக்கையோ அத்தனை பேரை மட்டும் உள்ளே விடுங்கள். நடிகர் வருவதாக இருந்தால் அதற்குத் தனி வழி, தனி நேரம் வையுங்கள். 9 மணிக் காட்சியைத் திட்டுகிற பையன்களுக்கு ஒரு வார்த்தை: எனக்கு அந்த 9 மணி ஒரு வரம். 4 மணிக்கு வீட்டை விட்டு வெளியே வர முடியாத எத்தனையோ பேருக்கு 9 மணிக்கு வர முடியும். உங்களுக்கு ஐந்து மணி நேரம் தாமதம். எங்களுக்கு அறுபது நாள் மிச்சம்.

முதல் நாள் முதல் காட்சியே வேண்டாம், தடை செய்யுங்கள் என்று சொல்கிறவர்களோடும் நான் சேரவில்லை. ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரே நேரத்தில் விசில் அடிக்கிற இடம் ஊரில் வேறு எங்கே இருக்கிறது? அது இருக்க வேண்டும். நாங்களும் அதில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இந்த தீபாவளிக்கு வீட்டில் ஒரு மாற்றம் செய்யலாம் என்றிருக்கிறேன். தாத்தா கதையை ஆரம்பித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு அப்பத்தாவையும் கொண்டுவந்து நடுக்கூடத்தில் உட்கார வைக்கப் போகிறேன். அவர் ஒற்றைச் செருப்புக் கதையைச் சொல்லட்டும். இது கதவுக்கு வெளியே நின்ற கதையைச் சொல்லட்டும். இரண்டும் சேர்ந்தால்தான் தங்கம் தியேட்டர் முழுசாக ஞாபகத்துக்கு வரும்.

உங்கள் வீட்டிலும் ஒரு தாத்தா கதை நிச்சயம் இருக்கும். கேட்டு முடித்தபிறகு பாட்டியிடம் போய், "நீ எத்தனாவது நாள் பாத்த? முழுசாப் பாத்தியா?" என்று கேட்டுப் பாருங்கள்.

டிஸ்கி: இதை எழுதி முடித்துத் தாத்தாவுக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "செருப்பு ஒத்தையில்ல, ரெண்டும் போச்சு" என்று திருத்தம் சொன்னார். அப்பத்தா பக்கம் திரும்பி, "ஏன் இத்தன நாளா நீ சொல்லவேயில்ல?" என்றார். "நீங்க எங்க கேட்டீக?" என்றது அப்பத்தா.